கேட்டதையெல்லாம் பரப்பலாமா?

ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு (கி.பி. 625). உஹதுப் போர் உச்சத்தில் இருந்த நேரம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள் என்று ஒரு கூக்குரல் களத்தில் எழுந்தது. உண்மையில் ஷஹீதானவர், கொடியைத் தாங்கி நின்ற முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்கள். ஆனால் அந்தப் பொய்க் குரல் ஆளிலிருந்து ஆளுக்குத் தாவிற்று. சஹாபாக்களில் சிலர் மனமொடிந்து வாளைக் கீழே வைத்துவிட்டு அமர்ந்துவிட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அம்பும் ஈட்டியும் செய்யாததை ஒரு செய்தி செய்துவிட்டது.

போர்க்காலச் செய்தி எவ்வளவு கூர்மையான ஆயுதம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? ஆகவேதான் திருமறையின் 4-ஆம் அத்தியாயம் 83-ஆம் வசனம், அச்சந்தரும் செய்தியோ ஆறுதல் தரும் செய்தியோ கிடைத்த உடனே அதைப் பரப்பிவிடுவோரைக் கண்டிக்கிறது; ஆய்ந்தறியத் தக்கவர்களிடம் அதைக் கொண்டு சென்றிருக்க வேண்டும் என்று உணர்த்துகிறது. 49-ஆம் அத்தியாயம் 6-ஆம் வசனமோ, நம்பத் தகாதவன் கொண்டு வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படியும், விசாரிக்காவிட்டால் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரும் என்றும் எச்சரிக்கிறது.

நம் வீட்டில் நடப்பதென்ன?

இஷாத் தொழுதுவிட்டு வாப்பா வந்து அமர்கிறார். கைபேசியைத் திறக்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ: இரவு வானம் தீப்பிழம்பாக இருக்கிறது, கீழே, காஸாவில் சற்று முன் என்று எழுதியிருக்கிறது. நெஞ்சு பதறுகிறது. அந்த மக்களுக்காக துஆ செய்கிறார். அடுத்த நொடியே மஹல்லாக் குழுவுக்கும் அதை அனுப்பிவிடுகிறார். அவருடைய நிய்யத்தில் நாம் குறை காணவில்லை. ஆனால் அதை எடுத்தவர் யார், எந்த ஊரில், எந்த நாளில் எடுத்தார் என்பது அவருக்கும் தெரியாது. அவருக்கு அனுப்பிய மச்சானுக்கும் தெரியாது.

2023 அக்டோபர் 7-ஆம் நாள் தொடங்கிய போரின்போது உலகெங்கும் நடந்தது இதுதான். அல்ஜீரியாவில் கால்பந்து ரசிகர்கள் கொளுத்திய வாணவேடிக்கை, காஸாவின் மீது விழும் குண்டுகள் என்று பரவியது. ஹெலிகாப்டர் ஒன்றைச் சுட்டு வீழ்த்துவதாகக் காட்டிய காட்சி 'ஆர்மா 3' என்னும் கணினி விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த விளையாட்டின் படங்களை உண்மைப் போர் என்று பரப்புகிறார்களென்று அதைத் தயாரித்த செக் நாட்டு நிறுவனமே 2022-இல் எச்சரித்திருந்தது. அப்படியிருந்தும் மக்கள் நம்பினார்கள்.

ஒரு படம் பொய்யானால் என்ன கேடு?

"அந்த ஒரு படம் பொய்யாகவே இருக்கட்டும், அங்கே அநியாயம் நடப்பது உண்மைதானே?" என்று சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குத்தான் நாம் நின்று நிதானித்துப் பதில் காண வேண்டும்.

2020 மார்ச்சில் ஜோர்டான் நாட்டில் கொரோனா ஊரடங்கு. வெளியே நடமாட ஆசைப்பட்ட சில இளைஞர்கள் தங்களில் ஒருவனை ஜனாஸாவைப் போலத் தூக்கிச் சென்றார்கள். சைரன் ஒலி கேட்டதும் தூக்கியவர்கள் ஓடினார்கள். 'மய்யித்'தும் எழுந்து ஓடியது. இந்தக் குறும்பு வீடியோவை 2021 மே மாதத்தில் வேறு சிலர் எடுத்து, பலஸ்தீனியர் போலி ஜனாஸா நடத்தி உலகை ஏமாற்றுகிறார்கள் என்று பரப்பினார்கள். 2023-இலும் அது மீண்டும் வந்தது. மெய்யாகவே பிள்ளைகளை அடக்கம் செய்துகொண்டிருந்த பெற்றோரைப் பார்த்து, "நீங்கள் நடிக்கிறீர்கள்" என்று சொல்ல அது கருவியாயிற்று.

இதைவிடக் கொடியதும் நடந்தது. 2023 அக்டோபரில் காஸாவில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் கொல்லப்பட்டான். வெள்ளைத் துணியில் பொதிந்த அவனுடைய உடலைப் பார்த்து, இது குழந்தையல்ல, பொம்மை என்றார்கள். இஸ்ரேல் அரசின் கணக்கிலேயே அந்தப் பொய் வெளியாகிப் பிறகு நீக்கப்பட்டது. அதே மாதத்தில் இஸ்ரேலில் கொல்லப்பட்ட நான்கு வயதுச் சிறுவன் ஒருவனையும், அவன் நடிக்க வந்த பிள்ளை என்றார்கள் வேறு சிலர். இரண்டு குழந்தைகளும் உண்மையாகவே இறந்தவர்கள் என்பதை பி.பி.சி. விசாரித்து வெளியிட்டது.

சிந்தித்துப் பாருங்கள். ஈன்ற தாயின் கண்ணீரைப் பொய்யென்று சொல்ல மனிதர்களுக்கு எங்கிருந்து துணிவு வந்தது? போலிப் படங்கள் பெருகியதால் வந்தது. இரக்கப்பட்டு நாம் அனுப்பும் ஒவ்வொரு போலிப் படமும், நாளை உண்மையை மறுப்பவன் கையில் சாட்சியாகிவிடுகிறது. அநீதிக்குள்ளானவருக்கு உதவுவதாக எண்ணி அவருடைய வழக்கையே நாம் கெடுத்துவிடுகிறோம். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறும்படி நம்மைத் தூண்டக்கூடாது என்று 5-ஆம் அத்தியாயம் 8-ஆம் வசனம் போதிக்கிறது. எனவே, நமக்குப் பிடிக்காதவருக்கு எதிராக வரும் செய்தியையும் இதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

பொய் ஏன் முந்திக்கொள்கிறது?

2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை அமெரிக்காவின் எம்.ஐ.டி. அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியாயிற்று. மெய்யைவிடப் பொய் பகிரப்படும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய மெய்ச் செய்திக்குப் பொய்யைப் போல் ஆறு மடங்கு நேரமாகிறது என்று கண்டார்கள். இதற்குக் காரணம் இயந்திரக் கணக்குகளா என்று பார்த்தார்கள். இல்லை, மனிதர்களே காரணம். புதுமையும் வியப்பும் உள்ள செய்தியைப் பிறருக்குச் சொல்லத் துடிக்கும் நம் நஃப்ஸுதான் காரணம்.

அந்தத் துடிப்பை விலையாக்குவோரும் உண்டு. ட்விட்டர் 'எக்ஸ்' என்று பெயர் மாறிய 2023-ஆம் ஆண்டில், பணம் கட்டினால் நீலக் குறி கிடைத்தது. பார்ப்பவர் பெருகினால் விளம்பரப் பணத்திலும் பங்கு கிடைத்தது. போரின் முதல் வாரத்தில் பொய்யையோ ஆதாரமற்றதையோ சொல்லி மிகுதியாகப் பரவிய 250 பதிவுகளை 'நியூஸ்கார்டு' நிறுவனம் ஆராய்ந்தபோது, 186 பதிவுகள் நீலக் குறி பெற்றவர்களுடையவை. ஆகவே, நீலக் குறியை வாய்மையின் முத்திரை என்று நம்பிவிட வேண்டாம்.

இஸ்னாத் எங்கே?

நம் முன்னோர் செய்தியை எப்படி ஏற்றார்கள்? ஒரே ஒரு ஹதீஸை நேரில் கேட்பதற்காக ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு மாதத் தொலைவு பயணம் செய்து அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் போனார்கள். பின்வந்த இமாம்கள் யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்று இஸ்னாதை, அதாவது அறிவிப்பாளர் தொடரை, கண்ணி கண்ணியாகப் பரிசோதித்தார்கள். ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அந்த அறிவிப்பைப் பலவீனமானதென்று ஒதுக்கினார்கள். கேள்விப்பட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற கருத்துள்ள ஹதீஸை இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹின் முன்னுரையிலேயே வைத்திருக்கிறார்கள். இந்தச் சமுதாயத்தில் பிறந்த நாம், 'பலமுறை அனுப்பப்பட்டது' என்று வாட்ஸ்அப்பே குறியிட்டுக் காட்டும் செய்தியை ஒரு நொடியில் தள்ளிவிடலாமா?

நாம் கைக்கொள்ள வேண்டியவை

முதலாவது: நெஞ்சு கொதிக்கும்போது விரலை அடக்குங்கள். கொதிப்பு உண்டாக்குவதற்கென்றே சில படங்கள் புனையப்படுகின்றன.

இரண்டாவது: அனுப்பியவரிடம், "இது உங்களுக்கு எங்கிருந்து வந்தது?" என்று கனிவாகக் கேளுங்கள். விடை இல்லையென்றால் அது உங்களோடு நிற்கட்டும்.

மூன்றாவது: படத்தைக் கொண்டே படத்தைத் தேடும் வசதி கூகுளில் இருக்கிறது. வீடியோவாக இருந்தால் அதில் ஒரு காட்சியைப் படமாகப் பிடித்துத் தேடலாம். அதே காட்சி சில ஆண்டுகளுக்கு முன்பே வெளியாகியிருந்தால் பொய் வெளிப்பட்டுவிடும். வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எளிது. பெரியவர்கள் அவர்களிடம் கேட்பதில் வெட்கமில்லை.

நான்காவது: பொறுத்திருங்கள். 2023 அக்டோபர் 17-ஆம் நாள் காஸாவின் அல்-அஹ்லி மருத்துவமனையில் வெடிப்பு நிகழ்ந்தது. காரணம் என்ன, இறந்தவர் எத்தனை பேர் என்பதில் சர்ச்சை மூண்டது. அல் ஜஸீரா நிருபர் என்று சொல்லிக்கொண்ட ஒரு கணக்கு கண்ணால் கண்டதாகக் கதை கட்டியது. அப்படி ஒருவர் தம்மிடம் இல்லையென்று அல் ஜஸீரா மறுத்தது. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையோ, முதல் செய்திகளில் ஒரு தரப்பின் கூற்றை அளவுக்கு மீறிச் சார்ந்துவிட்டதாக ஆறு நாளைக்குப் பின் ஒப்புக்கொண்டது. பெரிய பத்திரிகையே தடுமாறும் முதல் சில மணி நேரத்தில் நமக்கென்ன அவசரம்?

ஐந்தாவது: தவறாக அனுப்பிவிட்டால், அழிப்பதோடு நின்றுவிடாதீர்கள். எந்தக் குழுவில் பொய்யை வைத்தீர்களோ அதே குழுவில், "நான் அனுப்பியது தவறு" என்று எழுதுங்கள். அதில் சற்று அவமானம் இருக்கும். தவ்பாவின் ஒரு பகுதி அது.

வீட்டிலேயே நின்றுபோன செய்தி

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது மதீனாவில் அவதூறு பரவியபோது, அபூ அய்யூப் அல் அன்சாரி (ரலி) அவர்களின் துணைவியார் ஊரார் பேச்சைக் கணவரிடம் சொன்னார்கள். அது பொய் என்றார்கள் கணவர். நீ அப்படிச் செய்வாயா என்று மனைவியிடமே கேட்டார்கள். மாட்டேன் என்று பதில் வந்தது. அப்படியானால் ஆயிஷா உன்னைவிடச் சிறந்தவராயிற்றே என்று சொல்லி முடித்துவிட்டார்கள். ஊரெல்லாம் சுற்றிய பேச்சு அந்த வீட்டு வாசலைத் தாண்டி வெளியே போகவில்லை.

நமது வீடும் அப்படிப்பட்ட வீடாகட்டும். வரும் செய்தி நம்மிடம் விசாரிக்கப்பட்ட பிறகே வெளியே போகட்டும். செவியும் பார்வையும் இதயமும் மறுமையில் விசாரிக்கப்படும் என்று திருமறை அறிவிக்கிறது. நம் விரல் நுனி அனுப்பியதற்கும் நாமே பொறுப்பு. உண்மையை உண்மையாகக் காணவும், பொய்யை விட்டு விலகி நிற்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.