பக்கா வீடு, கச்சா காலனி

கேள்வி: டெல்லியில் நாலு மாடி கான்கிரீட் வீடுகள் உள்ள இடத்தையும் 'கச்சி காலனி' என்கிறார்களே, ஏன்? 'பக்கா' ஆங்கிலச் சொல்லாமே, நிஜமா?
– வாசகி, கரோல் பாக்

பதில்: ஆங்கில அகராதியில் இருப்பது நிஜம். ஆனால் இங்கிருந்து கப்பலேறிப் போன சொல் அது. மூலம், சமஸ்கிருதத்தில் வெந்தது, பழுத்தது என்று பொருள்படும் 'பக்வ'. நம் 'பக்குவம்' அதற்கு உடன்பிறப்பு.

சூளையில் வெந்த செங்கல் பக்கா. வெயிலில் காய வைத்த மண்கல் கச்சா; நீங்கள் கேட்ட 'கச்சி'யும் அதுதான். நாலு மழைக்குத் தாங்குவது எது என்று சொல்ல வேண்டியதில்லை. வெந்தது என்ற பொருள் இப்படித்தான் நிலையானது, உறுதியானது என்று விரிந்தது. ஆங்கிலேயர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் பக்காவும் உண்டு, கச்சாவும் உண்டு. இன்று லண்டன் பேச்சில் 'பக்கா' என்றால் முதல்தரம். நாம் கச்சாவை எண்ணெயோடு நிறுத்திக்கொண்டோம்!

டெல்லிக்காரருக்கு வேலை, ரசீது, வாக்குறுதி எல்லாமே இந்த இரண்டில் ஒன்றுதான். காலனி விஷயத்தில் கணக்கு செங்கல்லில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. விவசாய நிலத்தை அனுமதியில்லாமல் மனை பிரித்து, வெறும் பவர் பத்திரத்தில் கைமாற்றியிருந்தால், மேலே எத்தனை மாடி எழுப்பினாலும் அது கச்சிதான். இப்படிப்பட்ட 1,731 காலனிவாசிகளுக்கு உரிமை தர மத்திய அரசு 2019-இல் திட்டம் கொண்டுவந்தது. அங்கே வீடு வாங்கும் யோசனை இருந்தால், சுவரைத் தட்டிப் பார்ப்பதைவிடப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள்.