தசை வலிமைக்கு மாமிசமா, பயறா?

நாமக்கல் ஜில்லாவிலிருந்து நாள்தோறும் பல கோடி முட்டைகள் வெளியூர்களுக்குச் செல்லுகின்றன. சேலம், நாமக்கல் சமவெளிகளின் மானாவாரி நிலங்களில் நிலக்கடலை, சோளம், கொள்ளு, துவரை ஆகியவை விளைகின்றன. மேச்சேரி ஆடு மாமிசத்திற்குப் பெயர் பெற்றது. இங்ஙனம் உடலின் தசையை வளர்க்கத்தக்க பொருள்கள் யாவும் நமது குடியானவர்களின் கையிலேயே உற்பத்தியாகின்றன. எனினும், அவற்றைச் சந்தைக்கு அனுப்பிவிட்டுச் சோற்றையும் இரசத்தையும் கொண்டே வயிற்றை நிரப்பும் குடும்பங்கள் இன்றும் பல உள.

“மாமிசம் உண்பவனுக்கே உடல் இறுகும்” என்று ஒரு சாராரும், “பருப்பும் கீரையும் போதும்” என்று மற்றொரு சாராரும் வாதிப்பர். இவ்விரண்டில் எது உண்மை என்பதையும், வீட்டுச் செலவில் அதனால் செய்யவேண்டிய மாறுதல் யாது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. புரதமும் அதன் உறுப்புகளும்

தசையைக் கட்டும் சத்து புரதம் எனப்படும். அது அமினோ அமிலங்கள் என்னும் இருபது வகைச் சிறு உறுப்புகளால் ஆனது. இவற்றுள் ஒன்பதை நமது உடல் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது. ஆகாரத்தின் மூலமே பெறவேண்டும். அவற்றுள் ஒன்று குறைந்தாலும், மற்றவை எவ்வளவு மிகுதியாக இருந்தபோதிலும் தசை முழுமையாக வளராது. சுவர் எழுப்புவோனிடம் செங்கல் குவிந்திருந்தும் சாந்து தீர்ந்துவிட்டால் வேலை நின்றுவிடுவதை ஒக்கும் இது.

முட்டை, பால், மீன், மாமிசம் ஆகியவற்றில் இந்த ஒன்பதும் ஏற்ற அளவில் அமைந்துள்ளன. அரிசி, சோளம், கம்பு முதலிய தானியங்களில் லைசின் என்பது குறைவு. துவரை, கொள்ளு, பாசிப்பயறு முதலியவற்றில் லைசின் மிகுதி. ஆனால் மெதியோனின் என்பது குறைவு. ஆகவே தானியத்தின் குறையைப் பயறும், பயறின் குறையைத் தானியமும் நிரப்புகின்றன. நிலக்கடலையில் புரதம் மிகுதியாயினும் லைசின் குறைவாதலால், அது பயறுக்கு முழு ஈடாகாது.

2. கோழித் தீவனம் தரும் பாடம்

இவ்வுண்மை நமது கோழிப் பண்ணையாளர்களுக்குப் புதிதன்று. வெறும் மக்காச்சோளத்தைக் கொடுத்தால் கோழி ஒழுங்காக முட்டையிடாது என்பதை அவர்கள் நன்கு அறிவர். ஆதலின் மக்காச்சோளத்துடன் சோயாப் பிண்ணாக்கைக் கலந்து, குறைகின்ற மெதியோனினையும் லைசினையும் நிறுத்துச் சேர்க்கின்றனர். கோழியின் தீவனத்தில் காட்டும் இக்கவனத்தைத் தம் பிள்ளைகளின் தட்டிலும் காட்டுவோர் எத்தனை பேர்? கோழிக்குக் கலப்புத் தீவனம், பிள்ளைக்கு வெறுஞ்சோறு என்பது நீதியாகாது.

நிற்க, “உழவு மாடு வைக்கோலைத் தின்றே பாரம் இழுக்கிறதே; மனிதனுக்கு மட்டும் ஏன் பருப்பும் முட்டையும்?” என்று சிலர் கேட்கலாம். அசைபோடும் பிராணிகளின் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை புல்லிலுள்ள எளிய சத்துக்களைக் கொண்டு நல்ல புரதத்தை உண்டாக்க, மாடு அதனைச் செரித்துக்கொள்ளுகிறது. மனிதனின் இரைப்பையில் அவ்வித வசதி இல்லை. ஆகையால் மாட்டை உதாரணம் காட்டுவது பொருந்தாது.

3. பொருள்களின் ஒப்பீடு

சமைக்காத நிலையில் ஒவ்வொரு பொருளிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ எத்தனை கிராம் புரதம் உண்டு என்பதைக் கீழே காண்க.

ஆட்டு மாமிசம் – 20
கோழி மாமிசம் – 21
கோழி முட்டை – 13 (முட்டை ஒன்றுக்கு 6)
பசும்பால் – 3
துவரம் பருப்பு – 22
கொள்ளு – 22
பாசிப்பயறு – 23
நிலக்கடலை – 24
சோயா மொச்சை – 36
கம்பு – 11
சோளம் – 10
அரிசி – 8
கேழ்வரகு – 7
மரவள்ளிக்கிழங்கு – 1

எடைக்கு எடை நோக்கின் பயறுகள் மாமிசத்திற்குக் குறைந்தவை அல்ல என்பது இதனால் விளங்கும். ஆயினும் இரண்டு வேற்றுமைகளைக் கவனிக்கவேண்டும். முதலாவது, மாமிசம், முட்டை, பால் ஆகியவற்றின் புரதம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செரிக்கும். தானியம், பயறுகளின் புரதம் அதைவிடச் சற்றுக் குறைவாகவே செரிக்கும். இரண்டாவது, பயற்றில் புரதத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் மாவுச்சத்து உண்டு. ஆகையால் மிகுந்த புரதத்தைப் பயறு மூலமாகவே பெற முயன்றால் வயிறு முன்னதாக நிரம்பிவிடும். மாமிசத்தின் மேன்மை இவ்விரண்டே. வேறு மாயம் எதுவும் அதில் இல்லை.

மரவள்ளியைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். நமது பகுதியில் அது நல்ல பணப்பயிர். ஆனால் கிழங்கும் ஜவ்வரிசியும் பசியை ஆற்றுமேயன்றித் தசையைக் கட்டா. அவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது பாலோ, பயறோ, முட்டையோ உடன் சேர்த்தல் வேண்டும்.

4. ஆராய்ச்சிகள் கூறுவது

நீலகிரியிலுள்ள குன்னூரில் 1918-ஆம் ஆண்டில் ராபர்ட் மக்காரிசன் என்னும் வைத்தியர் தொடங்கிய ஆராய்ச்சி நிலையமே, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. மக்காரிசன் இந்தியாவின் பல பிரதேசத்தாரின் ஆகாரங்களை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சீக்கியர் ஆகாரத்தை உண்டவை மிக நன்றாக வளர்ந்தன. சென்னை மாகாணத்து அரிசி ஆகாரத்தை உண்டவை மிகப் பின்தங்கின. சீக்கியர் ஆகாரத்தில் மாமிசம் சிறிதளவே இருந்தது. தவிடு நீக்காத கோதுமை, பால், தயிர், வெண்ணெய், பயறு, காய்கறி ஆகியவையே அதில் மிகுதி. வேற்றுமைக்குப் புரதம் மட்டுமே காரணம் அன்று என்றாலும், மாமிசக் குவியலின்றியும் உடல் நன்கு வளரலாம் என்பது இதனால் தெளிவாகிறது.

தசையைக் குறித்தே நடத்திய சோதனை ஒன்று பிரேஸில் தேசத்தில் 2021-ல் வெளியாயிற்று. மாமிசம், பால், முட்டை யாதும் உண்ணாத இளைஞர் 19 பேரும், யாவும் உண்ணும் இளைஞர் 19 பேரும் 12 வாரம் பளு தூக்கிப் பயின்றனர். இரு சாராருக்கும் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதம் கிடைக்குமாறு செய்தனர். முதல் சாரார் சோயாப் புரதத்தையும், மற்றவர் பாற்புரதத்தையும் கூடுதலாக உட்கொண்டனர். முடிவில் தசை வளர்ச்சியும் வலிமையும் இரு சாராருக்கும் ஒப்பவே இருந்தன. அளவு நிறைந்தால், புரதம் எங்கிருந்து வந்தது என்பது இரண்டாம்பட்சமே.

5. எவ்வளவு வேண்டும்?

மேற்சொன்ன நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வளர்ந்தவர்களுக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 50 கிராம் ஆகும். அரிசி அல்லது சோளம் மூன்று பங்குக்குப் பயறு ஒரு பங்கு என்பது நல்ல கணக்கு. 300 கிராம் அரிசியில் 24 கிராமும், 100 கிராம் துவரையில் 22 கிராமும் கிடைக்கும். ஒரு முட்டையோ 200 மில்லி பாலோ சேர்த்தால் 52 கிராம் ஆகிவிடும்.

உடற்பயிற்சியால் தசையைப் பெருக்க விரும்பும் வாலிபருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பயன்படும். அதற்குமேல் உண்பதால் இலாபம் இல்லை. இந்த உயர்ந்த அளவை எட்டவே முட்டை, பால், மாமிசம், சோயா ஆகியவை எளிய வழியாகின்றன. எதை உண்டாலும் தசைக்கு வேலை கொடாவிடில் அது வளராது என்பதையும் மறக்கலாகாது.

முதியோருக்கு ஒரு வார்த்தை: வயது ஏறுந்தோறும் தசை தானே கரையும். கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளாமல், கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையாமல் அவர்கள் புரதம் பெறவேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கூடுதலாக வேண்டும். சிறுநீரக வியாதி உள்ளவர் மட்டும் வைத்தியரைக் கேட்டே அளவைத் தீர்மானித்தல் நலம். பால், முட்டை, மாமிசம் யாதும் உண்ணாதவர் பி-12 வைட்டமினை வைத்தியர் யோசனைப்படி தனியே பெறவேண்டும். தாவர ஆகாரத்தில் அது நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை.

6. பக்குவம் செய்யும் முறை

பயறுகளை இரவு ஊறவைத்து, முளைகட்டி, நன்றாக வேகவைத்தால் செரிமானம் கூடும். சோயாவை ஒருபோதும் வேகாமல் உண்ணலாகாது. தேகப்பயிற்சி செய்வோர் சிலர் பச்சை முட்டையை உடைத்துக் குடிக்கின்றனர். இது வீண் செலவு. பெல்ஜியம் தேசத்தில் 1998-ல் வெளியான ஆராய்ச்சியில், வெந்த முட்டையின் புரதத்தில் நூற்றுக்கு 91 பங்கு செரிக்க, பச்சை முட்டையில் 51 பங்கே செரித்ததாகக் கண்டனர். பச்சை முட்டையால் நோய்க் கிருமிகள் பரவும் அபாயமும் உண்டு.

7. செய்யவேண்டியவை

குடியானவர்கள் விளைச்சலை விற்கும் முன்னர், குடும்பத்தில் தலைக்கு நாளொன்றுக்கு 80 முதல் 100 கிராம் வரை கணக்கிட்டு ஓர் ஆண்டுக்குரிய பயறை ஒதுக்கி வைப்பார்களாக. தலைக்கு ஏறத்தாழ 30 முதல் 36 கிலோ ஆகும். மானாவாரிச் சோளத்தில் துவரையை ஊடுபயிராக விதைத்தால் இத்தேவை நிலத்திலேயே தீரும். வேலையாட்களுக்குச் சோறு போடும் மிராசுதார்கள், குழம்பில் பருப்பைக் குறைப்பது அவர்களுடைய தேகபலத்தைக் குறைப்பதேயாகும் என்பதை உணர்வார்களாக.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. 1982-ல் விரிவாகத் தொடங்கப்பெற்ற சத்துணவுத் திட்டத்தில் பிற்காலத்தில் முட்டையும் சேர்க்கப்பட்டது. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கப்படுகிறது. பழம் நல்லதே, ஆனால் ஒரு பழத்தில் உள்ள புரதம் சுமார் 1 கிராம்தான், முட்டையிலோ 6 கிராம். இவ்வேற்றுமையைப் பெற்றோர்க்கு எடுத்துக்கூறி, அப்பிள்ளைகளுக்கு வீட்டில் 30 கிராம் பயறைச் சுண்டலாகவோ, 200 மில்லி பாலோ தினமும் கொடுக்கச் செய்தல் வேண்டும்.

மாமிசம் உண்பவர் உண்ணலாம். உண்ணாதவர் அதற்காக வருந்தவேண்டியதில்லை. அளவு நிறையவும், கலப்பு பொருந்தவும், உழைப்பு குறையாமலும் இருப்பின் இரு வழியிலும் வலிமை கிட்டும்.