வீட்டில் வைரல் லோடு: கருவி செய்யப்போகும் தம்பிக்கு



எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள் வீட்டிலேயே வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, பார்த்துக்கொள்ள ஒரு கருவி செய்யப்போவதாக எழுதியிருந்தாய். மருந்து நிலையாக எடுப்பவருக்கு நம் ஊரில் ஆண்டுக்கு ஒருமுறைதான் இந்தச் சோதனை. இடையில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. அதனால் உன் வேலை தேவையான வேலை, விடாதே.

முதலில் கணக்கைப் பார். விரல் நுனியில் குத்தினால் 100 மைக்ரோலிட்டர் ரத்தம் கிடைக்கும். அதில் பிளாஸ்மா ஏறக்குறைய பாதி. மில்லிலிட்டருக்கு 1000 வைரஸ் பிரதிகள் உள்ளவரிடமிருந்து உனக்கு வருவது 50தான். 50 பிரதிகள் உள்ளவரிடம் இரண்டோ மூன்றோ வரும்; சில நேரம் ஒன்றுகூடச் சிக்காது. ஆகவே ஆய்வகத்தின் துல்லியத்தை வீட்டில் தருவேன் என்று கிளம்பாதே. ஆயிரத்துக்கு மேலா, கீழா என்ற ஒரே கேள்விக்கு நம்பும்படி பதில் சொல். சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லையும் அதுதான். ஆனால் ‘ஆயிரத்துக்குக் கீழ்’ என்பதை ‘வைரஸே தெரியவில்லை’ என்று திரையில் காட்டிவிடாதே. இரண்டும் வேறு.

முழு ரத்தத்தையே சோதித்துவிடும் ஆசை வரும். ஆனால் அதிலுள்ள வெள்ளணுக்களின் மரபணுவுக்குள் எச்.ஐ.வி.யின் டி.என்.ஏ. பதுங்கியிருக்கிறது. தவறாமல் மாத்திரை சாப்பிடுபவரிடமும் அது உண்டு. அதையும் சேர்த்து எண்ணினால், நன்றாக இருப்பவரிடம் ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று சொன்னதாகிவிடும். பிளாஸ்மாவைப் பிரிக்கும் சவ்வுக்கு எவ்வளவு காலம் செலவானாலும் தகும்.

அடுத்து, முடிவு வந்த பிறகு நடக்க வேண்டியது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 390 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2020-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்குச் சிகிச்சை மையத்திலேயே அன்றே முடிவு சொல்லி, செவிலியரைக் கொண்டு கவனித்தார்கள். ஓராண்டுக்குப் பின் அவர்களில் 90 சதவீதம் பேர் வைரஸ் கட்டுப்பட்ட நிலையில் சிகிச்சையில் தொடர்ந்தார்கள். வழக்கமான முறையில் இருந்தவர்களில் அது 76 சதவீதம். கருவியின் வேகத்தோடு ஒரு மனிதரின் கவனிப்பும் சேர்ந்து வந்த பலன் அது. உன் கருவி இருக்கும் வீட்டில் அந்தச் செவிலியர் இல்லை. ஆயிரத்தைத் தாண்டினால் முதலில் செய்ய வேண்டியது, மாத்திரை தவறியதா, ஏன் தவறியது என்று ஆலோசகர் உட்கார்ந்து பேசுவது. அடுத்தது, மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிப்பது. ஆகவே திரையில் ‘தோல்வி’ என்ற சொல் வரக்கூடாது. ‘மாத்திரையை நிறுத்தாதீர்கள், உங்கள் சிகிச்சை மையத்தில் பேசுங்கள்’ என்று வரட்டும்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் வீடுதான். மையத்தில் மாத்திரை வாங்கியதும் டப்பாவின் லேபிளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குலுங்கும் சத்தம் மாமியார் காதில் விழாதிருக்க உள்ளே பஞ்சு திணிப்பவர்களும் உண்டு. அந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் உன் ரசாயனத்தை வைக்கச் சொன்னால் அவர் கருவியைத் தொடவே மாட்டார். நம் மே மாத வெயிலிலும் அந்த ரசாயனம் அலமாரியில் கெடாமல் இருக்க வேண்டும். உறையில் எச்.ஐ.வி. என்ற எழுத்து வேண்டாம், பீப் சத்தமும் வேண்டாம். குத்திய ஊசியும் ரத்தம் பட்ட பஞ்சும் குப்பைக்கூடையில் காட்டிக்கொடுக்காதபடி கருவிக்குள்ளேயே மூடிக்கொள்ளட்டும். முடிவு யாருக்குப் போகலாம் என்பதை அவரே தீர்மானிக்கட்டும். தொற்று விவரத்தின் ரகசியத்தை 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டமும் காக்கிறது.

வரைபடத்தில் கைவைக்கும் முன் தொற்றுள்ளோர் கூட்டமைப்பு ஒன்றுக்குப் போ. பெண்களிடம் தனியாகக் கேள்: வீட்டில் எத்தனை பேர், யாருக்குத் தெரியும், கதவைத் தாழிட்டு இருக்க எவ்வளவு நேரம் கிடைக்கும்? அந்தப் பதில்களைக் கொண்டு கருவியின் அளவையும் நேரத்தையும் முடிவுசெய். ஆய்வகத்தில் எண்கள் சரியாக வந்த அன்று வேலை பாதிதான் முடிந்திருக்கும். ‘இதை என் வீட்டில் வைத்துக்கொள்ள முடியும்’ என்று அவர்கள் சொன்னால்தான் மீதியும் முடிந்ததாகக் கொள்.

அன்புடன்,
உன் அண்ணன்