மனாசேயின் ஜெபம்

தேவராஜ மொஹல்லாவில் எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை வேதம் வாசிப்பது வழக்கம். சாலொமோனுக்குத் தேவன் கொடுத்த வாக்கில் (2 நாளாகமம் 7:14) ஜெபத்துக்கு முன்பே தாழ்மை வருகிறதே, ஏன் என்று ஒரு தம்பி கேட்டான்.

மனாசேயைப் பார் என்றேன் (33-ஆம் அதிகாரம்). 12 வயதில் ராஜாவாகி 55 வருஷம் ஆண்டவன். ஆலயத்துக்குள்ளேயே அந்நிய பலிபீடம் கட்டியவன். அசீரியர் விலங்கிட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோன பிறகுதான் தன்னைத் தாழ்த்தினான், ஜெபித்தான். தேவன் கேட்டார். எருசலேமுக்குத் திரும்பியதும், தான் வைத்த விக்கிரகத்தையும் பலிபீடங்களையும் தானே நகரத்துக்கு வெளியே எறிந்தான். கீழ்ப்படிதல் அதுதான், அழுகை மட்டும் போதாது.

மகன் ஆமோனோ தகப்பனின் பாவத்தைப் பிடித்துக்கொண்டான், தாழ்மையை விட்டுவிட்டான். 2 வருஷத்தில் ஊழியக்காரரே கொன்றுபோட்டார்கள்.

"அப்பா மனந்திரும்பினது பிள்ளைக்கு உதவலையா அண்ணே?" என்றான் தம்பி.

எனக்கும் பிள்ளைகள் உண்டு. சட்டென்று பதில் வரவில்லை. பேரன் யோசியா 8 வயதில் ராஜாவானவன். அடுத்த ஞாயிறு 34-ஆம் அதிகாரம்.