இருட்டில் கண்ணுக்குத் துணை: நல்ல டார்ச் லைட்டைப் பார்த்து வாங்குவது எப்படி?

விடியுமுன்னே வீட்டை விட்டுக் கிளம்புவது தோட்டத் தொழிலாளர்களுக்குப் புதிதல்ல. பால்மரம் வெட்டுகிறவர் இருட்டோடு எழுந்திருப்பதற்கு மரமே காரணம். குளிர்ந்த வேளையில் மரத்தில் நீர் நிறைந்து, பட்டைக்குள்ளே இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளியே விட்டுவிடும். அழுத்தம் குறையும், பாலும் குறையும். செம்பனைத் தோட்டத்திலும் பெரட்டுக்குப் போகும் வழி, காவல் வேலை, மோட்டார் சைக்கிள் நின்றுபோன இடம் என்று இருட்டு நம்மை விடுவதில்லை.

முன்பெல்லாம் தலையில் கார்பைட் விளக்குக் கட்டி வெட்டினார்கள். கார்பைட்டின் மேல் தண்ணீர் சொட்டச் சொட்ட வாயு உண்டாகி எரியும். அந்த வாடையையும் நெற்றிச் சூட்டையும் நம் பெரியவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன. எடை குறைவு, சூடு குறைவு, வெளிச்சம் அதிகம். ஆனால் கடையில் அடுக்கி வைத்திருப்பதில் எது நல்லது, எது வெறும் அட்டைப்பெட்டி ஜாலம் என்று தெரிந்துகொள்ள வேணும். இது பண விஷயம் மட்டுமல்ல, உடம்பு விஷயமும் கூட.

வெளிச்சம் போதாவிட்டால் என்ன ஆகும்?

கால் இடறும், கத்தி கையில் படும், வேரும் குழியும் தெரியாது. பட்டையைச் சீவும்போது உள்ளே மெல்லிய அளவு விட்டு நிறுத்த வேண்டும். அந்த அளவு கண்ணுக்குத் தெரியாவிட்டால் மரத்துக்குக் காயம், நமக்கு ஏச்சு. மங்கிய வெளிச்சத்தில் உற்று உற்றுப் பார்த்தால் கண் எரியும், தலை வலிக்கும், கழுத்து பிடித்துக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் மேல் பாம்பு. செம்பனைத் தோட்டத்தில் எலி இருக்கும், எலியைத் தேடி நாகம் வரும். கெடா, பெர்லிஸ் போன்ற வட மாநிலங்களில் மலாய்க்காரர்கள் 'ஊலார் காப்பாக் போடோ' என்று சொல்லும் குழிவிரியன் உண்டு. காய்ந்த இலையின் நிறத்தில் சருகுக்குள் சுருண்டு கிடக்கும். ஆள் நடக்கும் சத்தம் கேட்டாலும் எளிதில் நகராது. அதை மிதிக்காமல் தப்பிக்க ஒரே வழி, முன்கூட்டியே பார்ப்பதுதான்.

லூமென் கணக்கு

விளக்கிலிருந்து வரும் மொத்த வெளிச்சத்தை 'லூமென்' என்ற அளவில் சொல்வார்கள். மரத்தை முழங்கை தூரத்தில் வைத்து வெட்டுவதற்கு 100 லூமெனே தாராளம். நடந்து போக 100 முதல் 200. தூரத்தில் பார்க்க வேண்டிய காவல்காரருக்கு 500 முதல் 1000 வரை இருந்தால் போதும்.

ஆனால் கடையில் என்ன சொல்கிறார்கள்?

"அண்ணே, இது பத்தாயிரம் லூமென்! விலையும் மலிவு, எடுத்துக்குங்க."

"தம்பி, உள்ளே எத்தனை பேட்டரி?"

"ஒண்ணுதான் அண்ணே."

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டார்ச் லைட்டில் அதிகம் போடும் லித்தியம் பேட்டரியின் பெயர் 18650. அதாவது 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அதன் மின்னழுத்தம் சுமார் 3.6 வோல்ட். 3000 மில்லி ஆம்பியர் அவர் கொள்ளளவு என்றால், உள்ளே இருக்கும் சக்தி சுமார் 11 வாட் அவர். எல்.இ.டி. டார்ச் ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமென் தரும். அப்படியானால் 100 லூமெனில் சுமார் 10 மணி நேரம் எரியும். 1000 லூமெனில் ஒரு மணி நேரம். பத்தாயிரம் லூமென் வேண்டுமானால் ஆறு நிமிடத்தில் பேட்டரி தீர்ந்துபோக வேண்டும்! அந்தச் சூட்டைக் கையில் பிடிக்கவும் முடியாது. ஆக, ஒற்றைப் பேட்டரிக்குப் பத்தாயிரம் என்பது விற்பனைப் பேச்சு.

நல்ல விளக்கிலும் 'டர்போ' என்ற உச்ச வெளிச்சம் சில நிமிடம்தான் நிற்கும். சூடு ஏறியதும் தானாகவே குறைந்துவிடும். பெட்டியில் '40 மணி நேரம்' என்று போட்டிருந்தால் அதையும் அப்படியே நம்ப வேண்டாம். பொதுவான அளவுகோலின்படி, வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரத்தைத்தான் எழுதுகிறார்கள். கடைசி மணி நேரங்களில் அது மின்மினிப் பூச்சியாகத்தான் இருக்கும். நம் வேலைக்கு வேண்டிய அளவு வெளிச்சம் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேளுங்கள்.

பரவும் ஒளியா, பாயும் ஒளியா?

லூமென் ஒன்றாகவே இருந்தாலும் ஒளி விழும் விதம் வேறுபடும். சில விளக்கு அகலமாகப் பரப்பும், சில ஈட்டி மாதிரிப் பாயும். பால் வெட்டுக்குப் பரவும் ஒளிதான் வேண்டும். பாயும் ஒளியைப் பக்கத்து மரத்தில் அடித்தால் நடுவிலே கண்ணைக் கூசும், சுற்றிலும் இருட்டாகத் தெரியும். காவலுக்குப் பாயும் ஒளி சரி. அதிலும் தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு மடங்கு தூரம் பார்க்க நான்கு மடங்கு பலம் வேண்டும்.

வெட்டும்போது இரண்டு கையும் வேலையில் இருப்பதால் தலையில் கட்டும் விளக்குத்தான் உகந்தது. எடை குறைந்ததாகப் பாருங்கள். பேட்டரி பின்தலையில் இருந்தால் கழுத்துக்கு நல்லது. நடக்கும்போது மட்டும் ஒரு குறை உண்டு. தலைவிளக்கின் ஒளி நம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே போவதால் வேர், குழி, சருகு இவற்றின் நிழல் நமக்குத் தெரியாது. எல்லாம் தட்டையாகத் தோன்றும். அதனால் நிரைக்கு நடந்து போகும்போது ஒரு சின்னக் கைவிளக்கை இடுப்பு உயரத்தில் பிடித்து முன்னே அடியுங்கள். மேடும் பள்ளமும் நிழலோடு எடுத்துக் காட்டும்.

எதிரே வருகிறவர் முகத்தில் அடிக்காதீர்கள். இருட்டுக்குப் பழகிய கண் ஒருமுறை கூசிவிட்டால், மீண்டும் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வரை ஆகலாம். விளக்கைக் குனித்து வைக்கும் வசதி இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பிள்ளைகள் விளக்குக்குள் உற்றுப் பார்த்து விளையாடுவதையும் தடுக்க வேண்டும்.

ஒளியின் நிறமும் முக்கியம். நீலம் கலந்த வெள்ளையில் பொருளின் இயற்கை நிறம் மங்கும். சருகும் பாம்பும் ஒன்றுபோலத் தெரியும். சற்றே மஞ்சள் கலந்த, 'சி.ஆர்.ஐ. 90' என்று குறித்த விளக்கில் நிறங்கள் நன்றாகப் பிரிந்து தெரியும்.

மழைக்குத் தாங்குமா?

பெட்டியில் 'ஐ.பி.எக்ஸ் 4' என்றிருந்தால் சாரலுக்குத் தாங்கும். 'ஐ.பி.எக்ஸ் 7' என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது. நம் ஊர் மழைக்கு 7 தான் நிம்மதி. மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா, சார்ஜ் துளைக்கு நல்ல அடைப்பு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது சார்ஜ் போடக்கூடாது.

பேட்டரியில் கவனம்

18650 பேட்டரியில் 9900 என்று அச்சடித்திருந்தால் அது பொய். நல்ல கம்பெனிச் சரக்கு பொதுவாக 2500 முதல் 3500 வரைதான் இருக்கும். எடையும் 45 கிராம் அளவில் இருக்கும். கையில் எடுத்தால் இறகு மாதிரி இருப்பதை வாங்க வேண்டாம்.

லித்தியம் பேட்டரியைச் சட்டைப் பையில் சில்லறைக் காசோடும் சாவியோடும் போடாதீர்கள். இரண்டு முனையும் தொட்டுக்கொண்டால் தீப்பிடிக்கும். உறை கிழிந்தது, உப்பியது, நசுங்கியது எதையும் உபயோகிக்காதீர்கள். மெத்தை மேல் வைத்தோ, எல்லோரும் தூங்கிய பிறகோ சார்ஜ் போடுவது ஆபத்து. வரிசை வீடுகளில் ஒரு வீட்டுத் தீ பக்கத்து வீட்டுக்கும் போகும்.

சாதாரண அல்கலைன் பேட்டரி போடுகிறவர்கள் பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். நாள்கணக்கில் உபயோகிக்காவிட்டால் கழற்றி வையுங்கள். ஒழுகினால் அது காரம், கையில் பட்டால் தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும்.

தாய்மார்களே, சின்ன விளக்குகளில் இருக்கும் பொத்தான் பேட்டரி மிகவும் கெட்டது. குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

அப்படியும் பாம்பு கடித்துவிட்டால்

கடிபட்டவரை ஓடவிடாமல் உட்கார வையுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை அசையாமல் ஒரு குச்சியோடு வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. 999-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பாம்பை அடிக்கத் துரத்த வேண்டாம். எட்ட நின்று போனில் படம் எடுக்க முடிந்தால் டாக்டருக்கு உதவும். நாகம் கண்ணில் விஷம் துப்பிவிட்டால், தேய்க்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வாங்கித் தருவது யார்?

1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தொழிலாளரின் பாதுகாப்பை இயன்ற வரை உறுதி செய்வது முதலாளியின் கடமை என்கிறது. அந்தச் சட்டப்படி செய்து தரும் எதற்கும் தொழிலாளரிடம் காசு பிடிக்கக் கூடாது என்கிறது 26-ஆம் பிரிவு. இருட்டில் வேலை வாங்கினால் வெளிச்சமும் இந்தக் கடமையில் சேரும் என்பதே நம் வாதம். 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பதும் சட்டம். அந்தக் குழுவில் இதைக் கிளப்புங்கள். தனி ஆளாகக் கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்கள். கிளைத் தலைவர் மூலம் எழுத்தில் கேட்டால் பதிலும் எழுத்தில் வரும். கொடுத்த விளக்கைப் பத்திரமாகப் பயன்படுத்துவதும் நம் கடமைதான்.

வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து நடந்தாலும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. 48 மணி நேரத்துக்குள் முதலாளி அதைத் தெரிவிக்க வேண்டும். நாளும் நேரமும் நீங்களும் குறித்து வையுங்கள்.

கடைக்குப் போகுமுன் நினைவில் வையுங்கள்:

1. வெட்டுக்கு 100 முதல் 200 லூமென், பரவும் ஒளி, தலையில் கட்டும் விளக்கு.
2. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி வேண்டும்.
3. ஐ.பி.எக்ஸ் 7 குறியும் நல்ல ரப்பர் வளையமும் இருக்க வேண்டும்.
4. நம் பேட்டைக் கடையிலேயே மாற்றுப் பேட்டரி கிடைக்க வேண்டும்.
5. ரசீதும் உத்தரவாதச் சீட்டும் கேட்டு வாங்குங்கள்.
6. இரவே சார்ஜைச் சரிபார்த்துவிட்டுப் படுங்கள். ஒரு சின்ன விளக்கு பையில் உபரியாக இருக்கட்டும்.