பூங்கா இணைப்புப் பாதையில் சைக்கிள் மணி: எப்போது, எப்படி?

சிங்கப்பூரின் பூங்கா இணைப்புப் பாதைகளில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை சைக்கிள் ஓட்டலாம். அந்த வேகத்தில் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 7 மீட்டர் கடந்துவிடுவீர்கள். முன்னால் நடப்பவருக்கு முதுகில் கண் இல்லை. இன்று மாலை சைக்கிளை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

• முன்னால் நடப்பவரை நெருங்க 20 மீட்டர் இருக்கும்போதே மணி அடியுங்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அவருக்குக் கிட்டத்தட்ட ஐந்து நொடி கிடைக்கும். காதில் விழுந்து, திரும்பிப் பார்த்து, ஒதுங்க அது வேண்டும்.

• ஒரே ஒரு முறை, மெல்ல அடியுங்கள். திரும்பவில்லையா? காதில் இயர்போன் இருக்கலாம், காது மந்தமான பெரியவராக இருக்கலாம். நடை வேகத்துக்கு இறங்கி, "எக்ஸ்கியூஸ் மி அங்கிள்" என்று சொல்லுங்கள்.

• இடப்பக்கம் ஓட்டுங்கள், வலப்பக்கம் முந்துங்கள். எல்லோரும் எதிர்பார்ப்பது அதைத்தான்.

• குழந்தையோ நாயோ தெரிந்தால் பிரேக்கில் விரலை வையுங்கள். நாய் ஒரு பக்கம், அதன் சொந்தக்காரர் மறுபக்கம் என்றால் நடுவே கயிறு இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது.

• பாலத்தடிப் பாதையில் நுழையும் முன்பே மணி அடியுங்கள். வளைவுக்கு அப்பால் யார் வருகிறார் என்று தெரியாது. இறங்கித் தள்ளச் சொல்லும் பலகை இருந்தால் இறங்கிவிடுங்கள்.

• கடந்ததும் "தேங்க் யூ" சொல்லுங்கள். அடுத்த சைக்கிளுக்கும் அவர் முகம் சுளிக்காமல் வழிவிடுவார்.

செய்யக்கூடாதவை

• "ரைட்! ரைட்!" என்று கத்தாதீர்கள். நீங்கள் வலப்பக்கம் வருவதாகச் சொல்கிறீர்கள். அவருக்கோ வலப்பக்கம் ஒதுங்கச் சொன்னதாகக் கேட்கிறது. ஒரு பாட்டி அப்படித்தான் நேராகச் சக்கரத்துக்கு முன்னால் வந்து நின்றார். நல்லவேளை, ஓட்டியவர் மெதுவாக வந்துகொண்டிருந்தார்.

• முதுகருகே வந்து மணி அடிக்காதீர்கள். திடுக்கிட்டவர் எந்தப் பக்கம் பாய்வார் என்று அவருக்கே தெரியாது.

• மணி அடித்த தைரியத்தில் வேகமாகப் போகாதீர்கள். அவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று உறுதியாகும்வரை மெதுவாகவே போங்கள்.

• நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள். 2019 பிப்ரவரி முதல் அதுதான் வரம்பு. பஸ் நிறுத்தத்தின் பின்னால் இன்னும் குறையுங்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவர் உங்களைப் பார்க்கமாட்டார்.

• யார்மீதாவது பட்டுவிட்டால் நிற்காமல் போகாதீர்கள். அடிபட்டவருக்கு உதவுங்கள், உங்கள் விவரங்களைக் கொடுங்கள், தேவையென்றால் உடனே 995-ஐ அழையுங்கள்.