அமெரிக்காவிலிருந்து வரும் பெட்டியும் வரிக்கழிவுப் பற்றுச்சீட்டும்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு வெளிநாட்டில் ஒரு தம்பியோ, மருமகளோ, பெறாமகனோ இருக்கிறார். அவர்கள் வீடு மாறும்போதும், பிள்ளைகள் வளர்ந்துவிடும்போதும், மிஞ்சிய உடுப்புகள், போர்வைகள், சமையற் பாத்திரங்கள் என்பவற்றைப் பெட்டியிற் கட்டி அனுப்புகிறார்கள். சிலவேளை கூடவே ஒரு கடிதமும் வருகிறது: "ஆயிரம் டொலர் பெறுமதியான பொருட்களைப் பெற்றுக்கொண்டோம் என்று எழுதி ஒப்பமிட்டு அனுப்புங்கள். இங்கே வரியிற் கழித்துக்கொள்ளலாம்." செய்ந்நன்றியை எண்ணி எமது மக்களும் உடனே ஒப்பமிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். சிலர் பங்கு அலுவலகத்துக்கு வந்து முத்திரையும் கேட்கிறார்கள். அந்த ஒப்பம் அனுப்பியவருக்கு உதவுமா என்பதை இப்பாடத்திற் பார்ப்போம். இங்கே சொல்லப்படுவது ஐக்கிய அமெரிக்காவின் சட்டம் மட்டுமே.

முதலில் வரிக்கழிவு என்றால் என்ன? நெல் விற்ற பணம் முழுவதையும் நாம் வருமானம் என்று சொல்வதில்லை. உழவுகூலி, பசளை, மருந்து என்பவற்றைக் கழித்து மிஞ்சுவதையே சொல்கிறோம். அதுபோல, அமெரிக்காவில் ஒருவர் தருமத்துக்குக் கொடுத்ததைத் தன் வருமானத்திற் கழித்து, மீதிக்கு வரி கட்டலாம். இந்தச் சலுகை அங்கே 1917 ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. ஆனால் நூறு டொலர் கொடுத்தவருக்கு நூறு டொலர் திரும்பிவருகிறது என்று நினைக்கக்கூடாது. அவர் நூற்றுக்கு 22 வீதம் வரி கட்டுபவரானால் மிச்சம் 22 டொலரே.

அந்த 22 டொலரும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கணக்கு எதுவும் காட்டாமலே கழித்துக்கொள்ளக்கூடிய ஒரு பொதுத்தொகையை அந்த நாட்டுச் சட்டம் ஒவ்வொருவருக்கும் தருகிறது. 2025 ஆம் ஆண்டுக்குத் தனியாளுக்கு அது 15,750 டொலர். கணவனும் மனைவியும் சேர்ந்து கணக்குக் காட்டினால் 31,500 டொலர். 2017 இல் வந்த சட்டம் இத்தொகையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியபின், பத்துப் பேரில் ஒன்பது பேரளவில் பொதுத்தொகையையே எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுப்பவருக்குப் பொருட்கள் கொடுத்ததற்கென்று வேறு கழிவு இல்லை. 2026 முதல் இவர்களுக்கும் சிறிது கழிவு உண்டு. தனியாளுக்கு 1,000 டொலர், தம்பதியருக்கு 2,000 டொலர் வரை. ஆனால் அது காசாகக் கொடுத்ததற்கு மாத்திரம். கதிரைக்கும் கம்பளிக்கும் இல்லை.

செலவுகளை விவரமாகக் காட்டிக் கழிப்பவருக்கும் 2026 முதல் ஒரு வரம்பு உண்டு: தருமம் வருமானத்தின் அரை வீதத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமே கழியும். ஆண்டுக்கு 80,000 டொலர் உழைப்பவருக்கு அந்த வரம்பு 400 டொலர். அவர் அந்த ஆண்டில் 300 டொலர் பெறுமதியான சாமான் மாத்திரம் கொடுத்திருந்தால் ஒன்றும் கழியாது.

இனி நமக்கு முக்கியமான இடத்துக்கு வருவோம். கழிவு கேட்பவர் யாருக்குக் கொடுத்தார் என்பதைச் சட்டம் பார்க்கிறது. தகுதிபெற்ற அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்திருக்க வேண்டும். அங்குள்ள கோவில்களும் தேவாலயங்களும் இதில் அடங்கும். எவ்வளவு வறியவரானாலும் தனியாளுக்கோ ஒரு குடும்பத்துக்கோ கொடுத்தது கழியாது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள நிறுவனத்துக்கு நேரே கொடுத்ததும், கனடா போன்ற சில நாடுகளுடனான உடன்படிக்கைகளில் வருபவை தவிர, கழியாது. ஆகவே உங்கள் ஒப்பமும் எமது பங்கு முத்திரையும் அங்கே செல்லாது. அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுப்பதால் உறவினருக்கு வருவது நன்மையல்ல. அதை நம்பி அவர் கழிவு கேட்டால், வரி அலுவலர் விசாரிக்கும் நாளில் வரியும் தண்டமும் அவர் தலையில் விழும்.

இன்னொன்று: பெறுமதியை எழுதுவது அமெரிக்க நிறுவனத்தின் வேலையும் அல்ல. 250 டொலரும் அதற்கு மேலும் பெறுமதியான கொடைக்கு நிறுவனம் எழுத்தில் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டும். என்ன பொருள் வந்தது, அதற்குப் பதிலாக ஏதாவது கொடுக்கப்பட்டதா என்று அதில் இருக்கும். விலை இராது. விலையைக் கணிப்பவர் கொடுத்தவரே. அவரும் வாங்கிய விலையைப் போட முடியாது. பாவித்த பொருட்களை விற்கும் கடையில் இன்றைக்கு அது என்ன விலைக்குப் போகும் என்பதே கணக்கு. அத்தகைய கடைகள் அங்கே ஊருக்கு ஊர் உண்டு. எட்கார் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்த போதகர் 1902 இல் பொஸ்ரன் நகரில் தொடங்கிய குட்வில், வின்சென்ட் டி போல் சபையினரின் கடைகள் என்பவை அவற்றுட் சில. அறுபது டொலருக்கு வாங்கிய சட்டை அங்கே ஐந்துக்கோ ஆறுக்கோ தொங்கும். அந்த ஐந்தோ ஆறோதான் அதன் பெறுமதி. ஓராண்டுக் கொடைப் பொருட்கள் 500 டொலரைத் தாண்டினால் தனிப்படிவம் நிரப்பவேண்டும். ஒரே வகைப் பொருட்கள் 5,000 டொலரைத் தாண்டினால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வேண்டும்.

இவ்வளவும் கண்டிப்பாகப் பார்க்கப்படுமா என்று கேட்கலாம். ஒரு கணவனும் மனைவியும் 2011 ஆம் ஆண்டுக்கு உடுப்பு, புத்தகம், தளபாடம் என்று 37,000 டொலருக்கு மேற் கழிவு கேட்டார்கள். ஒவ்வொரு முறை கொடுத்ததும் 250 டொலருக்குக் குறைவு, ஆகவே பற்றுச்சீட்டு எடுக்கவில்லை என்பது அவர்கள் வாதம். 2015 இல் வரி நீதிமன்றம் அதை நம்பவில்லை. முழுத்தொகையும் தள்ளப்பட்டது.

பொருளின் தரத்தைப் பற்றியும் சட்டம் பேசுகிறது. நமக்கு இது நல்ல செய்தி. பில் கிளின்ரன் ஆர்கன்சா மாநில ஆளுநராக இருந்தபோது, 1986 ஆம் ஆண்டு வரிக்கணக்கில், தானம் செய்த பழைய உள்ளாடைக்குத் தலா 2 டொலர் கழித்திருந்தார். பின்னர் அவர் சனாதிபதியானதும் ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தது. அவர் சட்டத்தை மீறவில்லை. அக்காலச் சட்டத்தில் இடமிருந்தது. 2006 ஆகஸ்டிற்குப் பின் உடுப்பும் வீட்டுப் பொருளும் நல்ல பாவனை நிலையில் இருந்தாற்றான் கழியும். கிழிசலும் ஓட்டைப் பாத்திரமும் கழியாது. 500 டொலருக்கு மேல் மதிப்பிடப்பட்ட தனிப்பொருளுக்கு மாத்திரம், மதிப்பீட்டாளரின் அறிக்கையோடு, ஒரு விதிவிலக்கு உண்டு. ஆகவே, "பாவிக்கக்கூடியதை மட்டும் அனுப்புங்கள்" என்று உறவினருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ எழுத நாம் கூச்சப்படவேண்டியதில்லை. வாங்குபவர் வறியவர் என்பதற்காகக் கழிவுப் பொருளைத் தலையிற் கட்டக்கூடாது என்பதை அவர்களுடைய நாட்டுச் சட்டமே ஒருவாறு ஒப்புக்கொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் எமது கரைகளுக்கு வந்த மூட்டைகளில் பனிக்குளிருக்குத் தைத்த சட்டைகளும் இருந்தன. அவற்றைப் பிரிக்கவும் அடுக்கவும் போன நாட்கள் எத்தனை! அதே வேளையில் அமெரிக்க அரசு 2005 சனவரி 7 இல் ஒரு விசேட சட்டம் செய்தது: அந்த மாத முடிவுக்குள் ஆழிப்பேரலை நிவாரணத்துக்குக் கொடுத்ததை முந்திய ஆண்டுக் கணக்கிலேயே கழிக்கலாம் என்று. அதுவும் காசுக்கு மாத்திரமே.

அப்படியானால் உறவினருக்கு என்ன எழுதுவது? கழிவு வேண்டுமென்றால், மிஞ்சிய தளபாடத்தையும் உடுப்பையும் அங்குள்ள தகுதிபெற்ற கடைக்கோ தேவாலயத்துக்கோ கொடுத்து, அங்கேயே பற்றுச்சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். கொடுக்குமுன் ஒரு நிழற்படம் எடுத்து வைப்பதும் நல்லது. பெட்டிக்குக் கட்டும் கப்பற்கூலியை உங்களுக்குப் பணமாக அனுப்பலாம். அதற்குக் கழிவு இல்லை, ஆனால் விதைநெல்லோ மண்வெட்டியோ இங்கேயே வாங்கலாம். இங்கு வேலைசெய்யும் அமெரிக்கப் பதிவுள்ள நிறுவனத்துக்கு அவர் கொடுத்தாற் கழியும். ஆனால் "இது இன்ன குடும்பத்துக்கு" என்று பெயர் குறித்துக் கொடுத்தாற் கழியாது.

பெட்டி வந்துவிட்டதென்றால் நன்றிக் கடிதம் எழுதத்தான் வேண்டும். வந்த திகதி, பெட்டியில் இருந்தவை, உடைந்தது எது, பிள்ளைகளுக்கு அளவானது எது என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். டொலர்த் தொகை எழுதவேண்டாம். வெற்றுத்தாளில் ஒப்பமிட்டும் அனுப்பவேண்டாம். அதற்குப் பங்கு முத்திரை கேட்டு வந்தால் நாமும் இந்தக் காரணங்களைச் சொல்லித்தான் திருப்பி அனுப்புவோம், மனம் நோகவேண்டாம்.